இரண்டு சிறு விமான நிலையங்களுக்கு இடையே எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம்? நீங்களே கணக்கிட ஒரு வழிகாட்டி

தேடுபெட்டியில் இரண்டு ஊர்ப் பெயர்களை இட்டால் "326 கி.மீ., 54 நிமிடம்" என்று உடனே ஒரு விடை வந்துவிடும். இதில் முதல் எண்ணைப் பெரும்பாலும் நம்பலாம். இரண்டாவது எண் எப்படி வந்தது என்று தெரியாமல் அதை வைத்து எந்தத் திட்டமும் போடாதீர்கள். இப்படிப்பட்ட தளங்கள் பலவும் எல்லா வழித்தடத்துக்கும் மணிக்குச் சுமார் 800 கி.மீ. என்று ஒரே வேகத்தை வைத்துத் தொலைவை வகுத்து, ஏறவும் இறங்கவும் 30 நிமிடம் கூட்டிவிடுகின்றன. அந்த இரண்டு ஊர்களுக்கு இடையே விமானம் ஓடுகிறதா, ஓடினால் அது ஜெட்டா, முன்விசிறி (ப்ரொப்பெல்லர்) சுழலும் டர்போபிராப்பா என்று அவை பார்ப்பதில்லை.

நீண்ட பயணத்தில் இந்தப் பிழை பெரிதாகத் தெரியாது. 8 மணி நேரப் பறப்பில் 10 நிமிடம் கூடினாலும் குறைந்தாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். 150 முதல் 700 கி.மீ. வரையிலான சிறு வழித்தடங்களில் நிலைமை வேறு. அங்கே ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவதற்காகச் சுற்றி வருவது ஆகியவையே நேரத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். அதனால் தொலைவை வேகத்தால் வகுக்கும் கணக்கு இங்கே எடுபடாது. நேரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கூட்ட வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு நார்வேயின் வடபகுதியில் உள்ள பூடோ, ட்ரொம்சோ என்ற இரண்டு நிலையங்களை வைத்துக்கொள்வோம். ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே இருப்பதால் கணக்கில் நேரக்கூடிய தவறுகள் அங்கே பளிச்சென்று தெரியும். முறை எந்த இரண்டு நிலையங்களுக்கும் ஒன்றுதான்.

படி 1: எந்த நிலையம் என்பதை உறுதிசெய்யுங்கள்

ஊர்ப் பெயரை வைத்துத் தேடாதீர்கள், குறியீட்டை வைத்துத் தேடுங்கள். பயணச்சீட்டில் இருக்கும் மூன்றெழுத்துக் குறியீடு விமான நிறுவனங்களின் உலகச் சங்கமான ஐயாட்டா தருவது. விமானிகளும் கட்டுப்பாட்டு மையங்களும் பயன்படுத்தும் நான்கெழுத்துக் குறியீடு ஐ.நா.வின் வான்போக்குவரத்து அமைப்பான ஐக்காவோ தருவது. ட்ரொம்சோவுக்கு டி.ஓ.எஸ்., இ.என்.டி.சி.; பூடோவுக்கு பி.ஓ.ஓ., இ.என்.பி.ஓ. நான்கெழுத்துக் குறியீட்டின் முன்பகுதி இடத்தைச் சொல்லிவிடும்: முதல் எழுத்தான இ வட ஐரோப்பாவையும், அடுத்த எழுத்தான என் நார்வேயையும் குறிக்கும். ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் இருந்தால் குழப்பம் தீர்க்க இதைவிட எளிய வழி இல்லை.

அப்படிப்பட்ட ஊர்கள் நிறையவே உண்டு. போர்ட்லண்ட் அமெரிக்காவின் இரு கரைகளிலும் இருக்கிறது. பர்மிங்காம் இங்கிலாந்திலும் இருக்கிறது, அலபாமாவிலும் இருக்கிறது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஒரு சிட்னி உண்டு. ஆஸ்திரேலிய சிட்னிக்குப் போக நினைத்துச் சீட்டு எடுத்தவர்கள் அங்கே போய் இறங்கிய செய்திகள் உண்மையானவை.

பெயரில் நகரம் இருப்பதாலேயே நிலையம் அந்த நகரத்தில்தான் இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். ஸ்டாக்ஹோம் ஸ்காவ்ஸ்டா என்ற நிலையம் ஸ்டாக்ஹோமிலிருந்து சுமார் 100 கி.மீ. தள்ளி இருக்கிறது. ஃபிராங்க்ஃபர்ட் ஹான் அந்த நகரத்திலிருந்து சுமார் 120 கி.மீ. தொலைவில் உள்ளது. நகர மையத்திலிருந்து நகர மையம் வரை அளந்த எண்ணையும் நிலையத்திலிருந்து நிலையம் வரை அளந்த எண்ணையும் ஒன்றாகக் கலந்துவிட்டால், மேற்கொண்டு எவ்வளவு கவனமாகக் கணக்குப் போட்டாலும் விடை தவறாகவே வரும்.

படி 2: அட்சரேகை, தீர்க்கரேகை எடுத்தல்

ஒவ்வொரு நாட்டின் வான்போக்குவரத்து அமைப்பும் வெளியிடும் வானூர்தித் தகவல் தொகுப்பில் நிலையத்தின் மேற்கோள் புள்ளி தரப்பட்டிருக்கும். ஓடுபாதைகளின் நடுப்பகுதியை ஒட்டிய ஒரு புள்ளி அது. பயணிகள் முனையம் இருக்கும் இடம் அன்று. இந்தத் தொகுப்புகளைப் பல நாடுகள் இணையத்தில் இலவசமாகவே தருகின்றன.

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இந்தப் படியில்தான். தொகுப்பில் எண்கள் பாகை (டிகிரி), கலை (மினிட்), விகலை (செகண்ட்) என்ற வரிசையில் இடைவெளியில்லாமல் அச்சாகியிருக்கும். ட்ரொம்சோவின் அட்சரேகை 694100 வடக்கு. இதை 69.41 என்று படித்தால் தவறு. 69 பாகை, 41 கலை, 0 விகலை என்று பிரித்து, கலையை 60-ஆலும் விகலையை 3600-ஆலும் வகுத்துக் கூட்டினால் 69.6833 வரும். 69.41 என்று எடுத்துக்கொண்டால் நிலையம் 16 கடல் மைல், அதாவது 30 கி.மீ. தெற்கே நகர்ந்துவிடும். விடை பார்வைக்கு நியாயமாகவே இருக்கும் என்பதால் இந்தத் தவறு எளிதில் அகப்படாது.

நம் இரண்டு நிலையங்கள்:

பூடோ: 67°16′09″ வடக்கு, 14°21′55″ கிழக்கு. பதின்மத்தில் 67.2692, 14.3653.

ட்ரொம்சோ: 69°41′00″ வடக்கு, 18°55′08″ கிழக்கு. பதின்மத்தில் 69.6833, 18.9189.

தெற்கு அட்சரேகைக்கும் மேற்குத் தீர்க்கரேகைக்கும் முன்னால் கழித்தல் குறி போட மறக்காதீர்கள். கிரீன்விச் கோட்டுக்கு இருபுறமும் உள்ள இரண்டு நிலையங்களை எடுத்தால் இந்தக் குறி ஒன்றே விடையைத் தலைகீழாக்கிவிடும்.

படி 3: பெருவட்டத் தொலைவு

பூமிப் பரப்பின் மேல் இரண்டு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய பாதைக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். 500 கி.மீ.க்குள் இருக்கும் நிலையங்களுக்குக் கையாலேயே இதைக் கணக்கிட்டுவிடலாம். அடிப்படை ஒன்றுதான்: அட்சரேகையில் 1 கலை நகர்ந்தால் 1 கடல் மைல், அதாவது 1852 மீட்டர். 1 பாகைக்கு 60 கடல் மைல்.

வடக்கு தெற்கு வேறுபாடு: 69.6833 − 67.2692 = 2.4141 பாகை. 60-ஆல் பெருக்கினால் 144.8 கடல் மைல்.

கிழக்கு மேற்கு வேறுபாடு: 18.9189 − 14.3653 = 4.5536 பாகை. இதை நேராக 60-ஆல் பெருக்கக் கூடாது. தீர்க்கரேகைக் கோடுகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போகும். அதனால் இரண்டு நிலையங்களின் சராசரி அட்சரேகைக்கு (68.476) கோசைன் மதிப்பு எடுத்து அதனாலும் பெருக்க வேண்டும். அந்த மதிப்பு 0.367. 4.5536 × 60 × 0.367 = 100.2 கடல் மைல்.

இனிப் பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம் போதும். 144.8-இன் வர்க்கத்தையும் 100.2-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 176 கடல் மைல். 1.852-ஆல் பெருக்கினால் 326 கி.மீ.

கோசைனை மறந்திருந்தால் விடை 309 கடல் மைல், அதாவது 573 கி.மீ. என்று வந்திருக்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகே கோசைன் மதிப்பு 1-ஐ ஒட்டி இருப்பதால் இதை விட்டுவிட்டாலும் பெரிதாகத் தெரியாது. அங்கே பழகிய கையோடு வடக்கே போய்க் கணக்கிடும்போதுதான் இப்படி மாட்டிக்கொள்வோம். சுவர் வரைபடத்தில் அளவுகோல் வைத்து அளப்பதும் இதே தவறுதான்: மெர்கேட்டர் வரைபடம் இந்த அட்சரேகையில் எல்லாவற்றையும் ஏறத்தாழ 2.7 மடங்கு பெருக்கிக் காட்டும்.

தொலைவு அதிகமானால், அல்லது பல இணைகளை விரிதாளில் ஒரே மூச்சில் கணக்கிட வேண்டுமானால், ஹாவர்சைன் சூத்திரத்தைப் பயன்படுத்துங்கள்:

அ = சைன்²(அட்சரேகை வேறுபாடு ÷ 2) + கோசைன்(முதல் அட்சரேகை) × கோசைன்(இரண்டாம் அட்சரேகை) × சைன்²(தீர்க்கரேகை வேறுபாடு ÷ 2)

தொலைவு = 2 × 6371 × தலைகீழ் சைன்(√அ), கிலோமீட்டரில்.

விரிதாள்களில் சைன், கோசைன் எல்லாம் ரேடியனில்தான் வேலை செய்யும். பாகையை ரேடியனாக மாற்றாமல் இட்டால் அர்த்தமற்ற எண் வரும். நம் இணைக்கு இந்தச் சூத்திரமும் 326 கி.மீ. என்றே தருகிறது. பூமி சரியான கோளமாக இல்லாமல் துருவங்களில் சற்றுத் தட்டையாக இருப்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஏறக்குறைய 327 கி.மீ. கோளக் கணக்கில் வரும் பிழை பொதுவாக அரை சதவீதத்துக்குள் அடங்கும். பயணத் திட்டத்துக்கு இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஒரு தளம் 326 என்றும் இன்னொன்று 327 என்றும் காட்டினால் இரண்டுமே சரிதான்.

அலகைக் கவனியுங்கள். 176 என்பது கடல் மைல். அதே தொலைவு சாதாரண மைலில் 203. விமானிகளின் ஆவணங்களில் கடல் மைல் வரும். பயணிகளுக்கான பல தளங்களிலும் பயணப் புள்ளித் திட்டங்களிலும் சாதாரண மைல் வரும். வெறும் "மைல்" என்று மட்டும் போட்டிருந்தால் எந்த மைல் என்று தெரிந்துகொள்ளாமல் அந்த எண்ணைத் தொடாதீர்கள். நாட் என்ற வேக அலகு மணிக்கு 1 கடல் மைலைக் குறிக்கும் என்பதால், நேரக் கணக்கு முழுவதையும் கடல் மைலிலும் நாட்டிலும் போடுவதே வசதி.

படி 4: உண்மையில் பறக்கும் பாதை இதைவிட நீளம்

எந்த விமானமும் ஓடுபாதையிலிருந்து கிளம்பி அடுத்த ஓடுபாதைக்கு நூல் பிடித்தாற்போலப் பறப்பதில்லை. காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம் நோக்கி ஏறும், பிறகு திரும்பும், வான்வழித் தடத்தில் சேரும், மலையையும் தடைசெய்யப்பட்ட வான்பகுதியையும் விலக்கும், கடைசியில் ஓடுபாதையின் நேர்கோட்டுக்கு வந்து இறங்கும். எவ்வளவு கூடும்?

ஐக்காவோ தன் கார்பன் கணிப்பானில் பெருவட்டத் தொலைவு 550 கி.மீ.க்குக் குறைவானால் 50 கி.மீ., 550 முதல் 5500 வரை 100 கி.மீ., அதற்கு மேல் 125 கி.மீ. கூட்டிக்கொள்கிறது. ஐரோப்பிய உமிழ்வு வணிகத் திட்டத்தில் எல்லாத் தொலைவுக்கும் 95 கி.மீ. கூட்டுவார்கள். இவை பெரிய நிலையங்களையும் சேர்த்துப் போட்ட சராசரிகள். இரண்டு முனையும் நெரிசலில்லாத சிறு நிலையங்களாக இருந்தால் 10 முதல் 20 கடல் மைல் கூட்டினாலே போதும். ஒரு முனை பரபரப்பான பெரிய நிலையமானால் 30 முதல் 40 வரை வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடுபாதையின் திசையைப் பார்த்தால் இன்னும் கூர்மையாகச் சொல்லலாம். ட்ரொம்சோவின் ஓடுபாதை ஏறத்தாழ வடக்குத் தெற்காகக் கிடக்கிறது. பூடோவிலிருந்து வரும் விமானம் தென்மேற்கிலிருந்து வருகிறது. வடக்கிலிருந்து காற்று வீசும் நாளில், வந்த போக்கிலேயே வடக்கு நோக்கி இறங்கிவிடலாம். தெற்கிலிருந்து வீசினால் நிலையத்தைத் தாண்டிப் போய், திரும்பி, தெற்கு நோக்கி இறங்க வேண்டும். அதே விமானம் அதே பாதையில் வந்தாலும் 5 நிமிடம் போல வேறுபாடு வருவது இப்படித்தான். நம் கணக்குக்கு நடுத்தரமாக 15 கடல் மைல் கூட்டுவோம்: 176 + 15 = 191.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தாமத இழப்பீடு, பயணப் புள்ளி போன்றவற்றுக்குப் பெரும்பாலும் இந்த நீட்டிப்பைச் சேர்ப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி தொலைவைப் பெருவட்ட முறையிலேயே அளக்கச் சொல்கிறது. விமானம் எவ்வளவு சுற்றி வந்தது என்று காட்டி வாதாடுவதில் பயனில்லை.

படி 5: விமான வகையைக் கண்டறியுங்கள்

கால அட்டவணையிலோ முன்பதிவுப் பக்கத்தின் விவரங்களிலோ விமான வகை இருக்கும். பயணமட்ட வேகம், அதாவது மேலேறியபின் நிலையாகப் பறக்கும் பயண வேகம், தோராயமாக இப்படி:

செஸ்னா கேரவன், ட்வின் ஆட்டர் போன்ற சிறு விமானங்கள்: 150 முதல் 180 நாட்.
ஏ.டி.ஆர். 72, டேஷ் 8-இன் பழைய வகைகள்: 260 முதல் 275 நாட்.
டேஷ் 8-400: 350 நாட்டைச் சுற்றி.
எம்பிரேயர் 175, ஏர்பஸ் 320, போயிங் 737: சுமார் 450 நாட்.

இவை காற்றோடு ஒப்பிட்ட வேகங்கள், தரைவேகம் வேறு. உற்பத்தியாளர் விளம்பரத்தில் வரும் அதிகபட்ச வேகத்தை எடுக்காதீர்கள். எரிபொருள் மிச்சமாக வேண்டும் என்பதற்காக நிறுவனங்கள் அதற்குக் கீழேதான் ஓட்டுகின்றன.

படி 6: நேரத்தைத் துண்டுகளாகக் கூட்டுங்கள்

கால அட்டவணையில் இருக்கும் புறப்பாடு என்பது விமானம் நிற்குமிடத்தை விட்டு அசையும் நேரம். வருகை என்பது மறுமுனையில் நிறுத்துமிடத்துக்கு வந்து நிற்கும் நேரம். இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது பிளாக் டைம். சக்கரம் தரையை விட்டு எழுந்து மீண்டும் தரையைத் தொடும் வரையான நேரம் பறப்பு நேரம். "விமான நேரம்" என்று பொதுவாகச் சொல்லும்போது இந்த இரண்டில் எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய நிலையங்களில் இவற்றுக்கு இடையே 20 நிமிடம்கூட வேறுபடும்.

270 நாட் வேக டர்போபிராப்புக்குக் கணக்குப் போடுவோம்.

முழுத் தொலைவையும் பயண வேகத்தில் பறந்தால் 191 ÷ 270 = 0.707 மணி, அதாவது 42 நிமிடம்.

ஏற்றம்: 17,000 அடிக்கு ஏற 12 நிமிடம் என்று வைப்போம். ஏறும்போது வேகம் குறைவு, சராசரியாக 190 நாட். 12 நிமிடத்தில் 38 கடல் மைல் போகும். பயண வேகத்தில் போயிருந்தால் 54 போயிருக்கும். 16 கடல் மைல் பின்தங்கியதால் இழப்பு 3.5 நிமிடம்.

இறக்கம்: ஒவ்வொரு 1000 அடிக்கும் 3 கடல் மைல் என்பது விமானிகளின் எளிய கணக்கு. 17,000 அடியிலிருந்து 51 கடல் மைல் தள்ளியே இறங்கத் தொடங்குவார்கள். இறங்கும்போது டர்போபிராப் வேகத்தை அதிகம் இழப்பதில்லை. கடைசி 15 கடல் மைலில்தான் சக்கரமும் இறக்கைமடலும் விரித்து 150 நாட் சராசரிக்கு வருகிறது. அதற்கு 6 நிமிடம் பிடிக்கும்; பயண வேகத்தில் 3.3 நிமிடம் ஆகியிருக்கும். இழப்பு ஏறக்குறைய 3 நிமிடம்.

பறப்பு நேரம் 42 + 3.5 + 3, ஏறத்தாழ 49 நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போக 3, இறங்கிய பின் ஊர்ந்து வர 3. பிளாக் டைம் 55 நிமிடம்.

இதே பாதையில் 450 நாட் ஜெட் பறந்தால்? 176-ஐ 450-ஆல் வகுத்தால் 23 நிமிடம் என்று வரும். உண்மை வேறு. 24,000 அடிக்கு ஏற 11 நிமிடத்தில் 55 கடல் மைல் தீர்ந்துவிடும். இறக்கத்துக்கு, வேகம் குறைக்கும் பகுதியையும் சேர்த்து 80 கடல் மைல். அதற்கு 17 நிமிடம். நடுவில் பயண வேகத்தில் பறக்க மிஞ்சுவது 56 கடல் மைல், 7.5 நிமிடம். மொத்தம் 35.5. ஊர்தலுக்கு 10 நிமிடம் சேர்த்தால் 45 அல்லது 46. பல நாடுகளில் 10,000 அடிக்குக் கீழே 250 நாட்டுக்கு மேல் போகக் கூடாது என்பதும் ஜெட்டைக் கட்டிப்போடுகிறது. வேகத்தில் டர்போபிராப்பைவிட மூன்றில் இரண்டு பங்கு கூடுதல் உள்ள விமானம் மிச்சப்படுத்துவது 10 நிமிடத்துக்குள்தான். குறுகிய தடங்களில் நிறுவனங்கள் டர்போபிராப்பை விடாமல் வைத்திருப்பதற்கு எரிபொருளோடு இதுவும் ஒரு காரணம்.

ஒவ்வொரு முறையும் இவ்வளவு விரிவாகப் போட வேண்டாம். சிறு நிலையங்களுக்கு இடையே டர்போபிராப் என்றால் பெருவட்டத் தொலைவைப் பயண வேகத்தால் வகுத்து 15 நிமிடம் கூட்டுங்கள். ஒரு முனை நெரிசலான நிலையமானால் 25 முதல் 35 வரை கூட்டுங்கள். ஜெட்டுக்கு இந்தக் கூட்டலை எப்போதும் சற்றுத் தாராளமாக வையுங்கள்.

தொடக்கத்தில் பார்த்த 54 நிமிடம் நம் 55-க்கு மிக அருகே வந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது தற்செயல். 100 கி.மீ. தடத்துக்கு அந்தத் தள முறை 37 நிமிடம் சொல்லும், நம் டர்போபிராப் 27-இல் முடித்துவிடும். 600 கி.மீ. தடத்துக்குத் தளம் 75 சொல்லும், டர்போபிராப்புக்கு 87 ஆகும். ஒரு தடத்தில் பொருந்தியதால் எல்லாத் தடத்திலும் பொருந்தும் என்று நம்பிவிடக் கூடாது.

மிகக் குறுகிய தடங்களில் எந்தச் சூத்திரமும் உதவாது. ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளில் வெஸ்ட்ரேக்கும் பாப்பா வெஸ்ட்ரேக்கும் இடையே 1967 முதல் விமானம் ஓடுகிறது. தொலைவு சுமார் 2.7 கி.மீ., அட்டவணைப்படி 2 நிமிடம். காற்று சாதகமாக இருந்த நாளில் 53 விநாடியிலும் போய்ச் சேர்ந்திருக்கிறது. பயணமட்டம் என்ற ஒன்றே அங்கே கிடையாது.

படி 7: காற்று

விமானத்தின் வேகமும் காற்றின் வேகமும் சேர்ந்ததுதான் தரைவேகம். பின்னாலிருந்து வீசினால் கூடும், எதிர்த்து வீசினால் குறையும், சாய்வாக வீசினால் அதன் ஒரு பங்கு மட்டும் கணக்கில் வரும்.

காற்றின் திசை எப்போதும் எங்கிருந்து வீசுகிறது என்பதையே குறிக்கும். "260 பாகை, 40 நாட்" என்றால் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி, 80 பாகை பக்கமாகப் போகிறது. பூடோவிலிருந்து ட்ரொம்சோ ஏறத்தாழ 35 பாகைத் திசையில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே 45 பாகை. கோசைன் 45 என்பது 0.707, 40-ஐ அதனால் பெருக்கினால் 28 நாட் பின்காற்று. போகும்போது தரைவேகம் 298, திரும்பும்போது 242. பயண வேகப் பகுதி போக 38 நிமிடம், வர 47 நிமிடம். அட்டவணையில் போகும் நேரமும் திரும்பும் நேரமும் வேறாக இருப்பது அச்சுப்பிழையாக இருக்க வேண்டியதில்லை.

போகும்போது கிடைத்த லாபமும் வரும்போது வந்த நட்டமும் சரிசமமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. 60 நாட் காற்று நேர் எதிரிலும் நேர் பின்னாலும் வீசுவதாக வைத்தால் போக 35, வர 55, மொத்தம் 90 நிமிடம். காற்றே இல்லையென்றால் மொத்தம் 85. எதிர்காற்றில் விமானம் கூடுதல் நேரம் மாட்டிக்கொள்வதால் நட்டம் எப்போதும் லாபத்தை மிஞ்சும்.

நிலையத்தில் தரையில் வீசும் காற்றை எடுத்துக்கொண்டு கணக்கிடாதீர்கள். அது ஓடுபாதைத் திசையைத் தீர்மானிக்கும், அவ்வளவுதான். பறக்கும் உயரத்தின் காற்று முன்னறிவிப்பு தனியாகக் கிடைக்கும். 17,000 அடியில் அது முற்றிலும் வேறு திசையில்கூட இருக்கலாம். நடு அட்சரேகைகளில் மேல்காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும், குளிர்காலத்தில் வலுக்கும். அதனால் பருவத்துக்குத் தகுந்தாற்போல அட்டவணையும் மாறும்.

படி 8: உங்கள் விடையைச் சரிபாருங்கள்

அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் எண்ணைவிட அட்டவணையில் 5 முதல் 15 நிமிடம் கூடுதலாக இருந்தால் திகைக்க வேண்டாம். நிறுவனங்கள் முந்தைய பருவங்களின் உண்மை நேரங்களைப் பார்த்து, பெரும்பாலான நாள்களில் சொன்ன நேரத்துக்குள் சேரும்படி சற்று இடம் விட்டே அட்டவணை போடுகின்றன. நேர ஒழுங்கை அளக்கும்போது 15 நிமிடத்துக்குள் வந்தால் "சரியான நேரம்" என்று கொள்வது துறை வழக்கம்.

உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று அறிய ஃப்ளைட்ரேடார்24, ஃப்ளைட்அவேர் போன்ற தடமறியும் தளங்களில் அந்த விமான எண்ணின் பழைய பதிவுகளைப் பாருங்கள். ஒரே ஒரு நாளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதே பருவம், அதே விமான வகை என்று 10 அல்லது 15 பறப்புகளை எடுத்து வரிசைப்படுத்தி, நடுவில் வரும் எண்ணை எடுங்கள். சராசரி எடுத்தால் ஒருநாள் வட்டமடித்துக் காத்திருந்த பறப்பு கணக்கையே இழுத்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. விமானம் தானே அனுப்பும் வானொலிச் சமிக்ஞையைத் தரையிலுள்ள ஏற்பிகள் நேர்கோட்டில் வாங்கித்தான் இந்தத் தளங்கள் தடம் வரைகின்றன. மலை சூழ்ந்த சிறு நிலையங்களில் விமானம் தாழ இறங்கியதும் சமிக்ஞை மறைந்துவிடும். சில ஆயிரம் அடி உயரத்திலேயே தடம் அறுந்திருந்தால், அங்கே காட்டும் இறங்கு நேரம் ஊகமாக இருக்கக்கூடும். அப்படிப்பட்ட பதிவுகளை ஒதுக்கிவிடுங்கள்.

படி 9: கடிகாரம்

பயணச்சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் நேரப்படியும் இருக்கும். இரண்டையும் அப்படியே கழித்தால் பயண நேரம் வராது. ஸ்வீடனைவிட ஃபின்லாந்து 1 மணி நேரம் முன்னால் இருக்கிறது. 55 நிமிடப் பறப்பு போகும்போது 1 மணி 55 நிமிடமாகத் தெரியும். திரும்பும்போது கிளம்புவதற்கு 5 நிமிடம் முன்பே வந்து சேர்ந்ததுபோல் தெரியும். இரண்டு நேரத்தையும் முதலில் உலகப் பொது நேரமான யு.டி.சி.க்கு மாற்றிவிட்டுப் பிறகு கழியுங்கள். இந்தியா +5:30, நேபாளம் +5:45 என்று முழு மணியாக இல்லாத நேர வலயங்களும் உண்டு.

கோடைகால நேரம் இன்னொரு பொறி. ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் நிலையத்தின் ஓடுபாதை குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் மாநில எல்லையைக் கடந்து கிடக்கிறது. நியூ சவுத் வேல்ஸ் கோடையில் கடிகாரத்தை 1 மணி நேரம் முன்னே தள்ளும், குயின்ஸ்லாந்து தள்ளாது. அந்த மாதங்களில் ஒரே ஓடுபாதையின் இரு முனைகளும் இரு வேறு நேரத்தில் இருக்கும். எல்லையோர நிலையத்துக்குப் போகிறீர்கள் என்றால் பயண நாளன்று அங்கே எந்த நேரம் நடப்பில் இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தேடும் நாளின் நேரம் உதவாது.

படி 10: நேரடி விமானம் இல்லையென்றால்

இரண்டு சிறு நிலையங்களுக்கு இடையே பெரும்பாலும் நேரடி விமானம் இருக்காது. தொலைவு காட்டும் தளம் 200 கி.மீ. என்று காட்டும், நீங்கள் 500 கி.மீ. தள்ளி இருக்கும் ஒரு பெரிய நிலையத்துக்குப் போய் மாறி வர வேண்டியிருக்கும். அப்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே சொன்ன கணக்கைத் தனித்தனியே போட்டு, நடுவில் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்று ஒன்று வகுத்திருப்பார்கள். இரண்டு கட்டங்களையும் ஒரே முன்பதிவில் எடுத்தால் அமைப்பே அந்த நேரத்தை விட்டுத்தான் சீட்டு தரும். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பாகும். தனித்தனிச் சீட்டாக எடுத்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. பெட்டியை வெளியே எடுத்து மீண்டும் செக்-இன் செய்ய வேண்டியும் வரலாம்.

கடைசி விமானத்தை நம்பி இணைப்பு போடுவதற்கு முன், சேருமிடத்தின் செயல்படும் நேரத்தைப் பாருங்கள். சிறு நிலையங்கள் பல இரவில் மூடிவிடும். அந்த நேரமும் வானூர்தித் தகவல் தொகுப்பில் நிலையத்தின் பெயருக்குக் கீழேயே இருக்கும், வழக்கமாக யு.டி.சி.யில். மூடும் நேரத்துக்கு 20 நிமிடம் முன்பு சேர வேண்டிய விமானம் அரை மணி தாமதமாகக் கிளம்பினால் அன்றைக்கு அது கிளம்பாமலேயே போகலாம், அல்லது வேறு ஊரில் போய் இறங்கலாம். இப்படி ஆகக்கூடிய தடத்தில் மாலைக்கு முந்தைய விமானத்தை எடுத்துவிடுங்கள்.